தெற்கே திரும்பிய கல்யாணப் பொண்ணு

வேலந்தாவளத்தில் பாவா ராவுத்தருக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. ஸ்டுடியோ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் இருட்டறை, நடுவில் ஒரு நாற்காலி. அவ்வளவுதான். ஒரு தடவை மாட்டுச் சந்தைக்கு வந்த ஒருவர் தன் காளையோடு படம் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வாசல் குறுகல் என்பதால் நாற்காலி தப்பித்தது.

பாவாவின் மகள் கௌலத்துக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டால் அவளை ஸ்டுடியோவில்தான் பார்க்கலாம். அப்பாவை அவள் அத்தா என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு அவள் உள்ளே நுழையும்போதே அத்தா ஒரு சின்னப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"வந்துடுச்சு கௌலத்! பம்பாயிலிருந்து வந்துடுச்சு!"

பெட்டிக்குள், ஒரு கல்யாணத்தில் அத்தா எடுத்துக் கழுவ அனுப்பியிருந்த முப்பத்தாறு வண்ணப் படங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரியது. கண்ணாடி போல ஒளி ஊடுருவும் படம். அதைச் சுற்றி அட்டைச் சட்டம். இதற்கு ஸ்லைடு என்று பெயர். விளக்கு எரியும் புரொஜெக்டர் என்ற கருவிக்குள் இதைச் செருகினால், எதிரே தொங்கும் துணியில் படம் ஆளுயரத்துக்குத் தெரியும்.

அந்த ஆண்டு எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு. மதராசில் டெலிவிஷன் வந்துவிட்டதாம், வீட்டுக்குள்ளேயே படம் தெரியுமாம், பாட்டும் கேட்குமாம்!

"அது நம்ம ஊருக்கு எப்போ வரும் அத்தா?" என்று கௌலத் ஒரு நாள் கேட்டாள்.

"அது வர்ற அன்னிக்கு வரட்டும். அதுவரைக்கும் என் வேட்டிதான் டெலிவிஷன்" என்றார் அத்தா.

சொன்னதோடு நிற்கவில்லை. பாலக்காட்டில் கடை வைத்திருக்கும் குஞ்சு முகம்மது மாமுவிடம் புரொஜெக்டரை இரவல் வாங்கினார். துபாயிலிருந்து மாமுவுக்கு வந்த டேப் ரெக்கார்டரை அந்தக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கி வந்து வைத்திருந்தார். படம் ஓடும்போது பாட்டும் ஓட வேண்டும் அல்லவா?

இத்தனை ஏற்பாடும் ஒரே ஒருவருக்காக. அவர் பெயர் செங்கோட்டையன். கோபாலபுரத்தில் விவசாயம் பார்ப்பவர். அவருடைய ஒரே மகள் மயிலாத்தாளுக்கு இரண்டு மாதத்துக்கு முன்பு வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு செங்கோட்டையன் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, "மூணு மாசத்துக்கு அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

"எனக்காக முகூர்த்தத்தத் தள்ளிப் போடாதீங்க" என்று செங்கோட்டையன் எல்லோரையும் அனுப்பி வைத்தார். கட்டிலில் படுத்தபடியே மகளை வழியனுப்பினார். வண்டி தெருமுனை திரும்பும்வரை சிரித்த முகமாகத்தான் இருந்தாராம். அப்புறம் அன்றைக்கு முழுவதும் சாப்பிடவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போன பாவாவுக்கு அவர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: "ராவுத்தரே, என்ற மக கண்ணாலத்த நான் படுத்த எடத்துலயே பாக்கோணுமுங்க. எப்படியாச்சும் காட்டிப்போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை படக்காட்சி என்று முடிவாயிற்று. அதற்குள் எல்லாம் தயாராக வேண்டும்.

நல்ல படக்காட்சிக்கு அத்தா மூன்று சட்டங்கள் வைத்திருந்தார். மங்கலான படம் கூடாது. தூசி கூடாது. முதுகு கூடாது.

"தூசி ஒரு பொட்டு இருந்தாலும் துணியில பூசணிக்கா மாதிரித் தெரியும்" என்று சொல்லி கௌலத்திடம் ஒரு மெல்லிய தூரிகையைக் கொடுத்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாகத் துடைத்தாள். அத்தா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தரம் பிரித்தார். நல்ல படங்கள் வரிசையாக மேசைக்குப் போயின. கழித்த ஆறு படங்கள் பழைய பிஸ்கட் டப்பாவுக்குப் போயின.

அடுத்தது பாட்டு. அங்கேதான் ஒரு சிக்கல். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு கேசட்டு. அதையும் அத்தா கல்யாணத்தன்றே நிரப்பிவிட்டார். புது டேப் ரெக்கார்டர் கையில் கிடைத்த ஆசையில் அதை மணவறை ஓரமாக வைத்துச் சின்னப் பிள்ளை போல ஒரு மணி நேரம் எல்லாச் சத்தத்தையும் பிடித்து வைத்திருந்தார்.

"பாத்திரம் உருள்ற சத்தமும் குழந்தை அழுற சத்தமும்தான் இருக்கும். அது மேலேயே இசைத்தட்டுப் பாட்டை ஏத்திடு. சிவப்புப் பொத்தானை அமுக்கினா பழசு தானா அழிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அத்தா தொழுகைக்குப் போனார்.

கௌலத் இசைத்தட்டைச் சுழல விட்டாள். சிவப்புப் பொத்தான் மேல் விரலை வைத்தாள். ஆனால் அமுக்க மனம் வரவில்லை. அழித்துவிட்டால் போனது போனதுதானே? ஒரு தடவையாவது கேட்டுவிடலாம் என்று இசைத்தட்டை நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பொத்தானை அமுக்கினாள்.

கேட்கக் கேட்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு குழந்தை, "எனக்கு வடை, எனக்கு வடை" என்று விடாமல் கேட்டது. ஒருவர் தன் செருப்பைத் தேடினார். நாதஸ்வரம் நன்றாகவே விழுந்திருந்தது. அருமைக்காரர், அதாவது அந்தக் கல்யாணத்தை நடத்தி வைக்கும் பெரியவர், "மாப்பிள்ளை கையில தாலியக் குடுங்க" என்றார். மேளம் ஒரு நிமிடம் ஓய்ந்தது.

அப்போது ஒரு பெண்குரல் அதட்டியது.

"ஏனம்மிணி, தாலி கட்டற நேரத்துல தெக்கால திரும்பிக் கும்புடறே? ஆராச்சும் தெக்குப் பாத்துக் கும்புடுவாங்களா?"

அதற்கு மெல்லிய குரலில் ஒரு பதில். டேப் ரெக்கார்டருக்கு மிகப் பக்கத்திலிருந்து வந்தது.

"எங்கப்பா அந்தப் பக்கந்தானுங்க அத்தே படுத்திருக்காரு. அவரக் கும்புட்டுக்கறனுங்க."

அவ்வளவுதான். "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று யாரோ கத்தினார்கள். மேளச் சத்தத்தில் எல்லாம் மூழ்கிப் போயிற்று.

கௌலத் டேப்பை நிறுத்தினாள். கோபாலபுரம் தெற்கேதான் இருக்கிறது. அந்த ஊருக்குப் போகும் பஸ் சந்தைத் திடலைத் தாண்டித் தெற்கே போவதை அவள் தினமும் பார்க்கிறாள். கல்யாணப் பொண்ணு கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தவள், தாலி கழுத்தில் ஏறும் முன்பு அப்பா இருக்கும் பக்கமாகத் திரும்பியிருக்கிறாள். இது செங்கோட்டையனுக்குத் தெரியுமா? தெரியாதே!

அந்த நேரத்தில் எடுத்த படம் ஏதாவது இருக்குமோ? மேசையில் இருந்த முப்பது படங்களையும் பார்த்தாள். இல்லை. சட்டென்று பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தாள்.

நான்காவது படம் அதுதான். அத்தா பக்கவாட்டில் நின்று எடுத்திருந்தார். மயிலாத்தாள் முழுக்கத் திரும்பியிருந்தாள். முதுகும், பூ வைத்த சடையும், கூப்பிய கையின் ஓரமும்தான் தெரிந்தன. மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை என்று அத்தா கழித்துவிட்ட படம்.

அத்தா திரும்பி வந்ததும் கௌலத் அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். டேப்பைப் போட்டுக் காட்டினாள். படத்தைக் கையில் கொடுத்தாள்.

அத்தா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நானே எடுத்து நானே தூக்கிப் போட்டிருக்கேனே" என்று தலையில் தட்டிக்கொண்டார்.

"இதைக் காட்டணும் அத்தா. பாட்டெல்லாம் வேண்டாம். கல்யாணச் சத்தமே இருக்கட்டும்."

"காட்டலாம்தான்..." அத்தா இழுத்தார். "அந்த அதட்டுற குரல் யாருன்னு தெரியுதா? மாப்பிள்ளையோட அம்மா, முத்தாத்தாள். அவங்களும் ஞாயிற்றுக்கிழமை வர்றாங்க. நாலு பேருக்கு நடுவுல அவங்க திட்டினதை நாம போட்டுக் காட்டினா நல்லா இருக்குமா? சம்பந்தி வீட்டுக்குள்ள நம்மால ஒரு மனத்தாங்கல் வரலாமா?"

கௌலத் யோசித்தாள். அத்தா சொன்னதிலும் நியாயம் இருந்தது. முத்தாத்தாளுக்குத் தெரியாமல் போட்டால் அது அவளை மாட்டிவிட்டதாகத்தான் ஆகும்.

"அப்போ அவங்ககிட்டயே கேட்டுடலாமே?"

"யாரு கேக்குறது? அவங்க வாய்க்கு எதிரே சந்தைத் தரகருங்களே நிக்க மாட்டாங்க."

"நான் கேக்குறேன்."

"சரி, நீயே கேளு" என்று அத்தா உடனே ஒத்துக்கொண்டார். அந்த வேகத்தைப் பார்த்தால், அவருக்கும் முத்தாத்தாளிடம் கொஞ்சம் பயம்தான் போலிருக்கிறது.

மறுநாள் சந்தை. முத்தாத்தாள் ஓர் எருமைக் கன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நல்ல உயரம், கணீரென்ற குரல். கௌலத் ஓடிப் போய் முன்னால் நின்றாள். நின்ற பிறகு என்ன சொல்வதென்று மறந்துவிட்டது.

"ஆரு, ராவுத்தர் மகளா? என்னம்மிணி?"

"பெரியம்மா, ஒரு நிமிஷம் கடைக்கு வந்துட்டுப் போறீங்களா? கல்யாணப் படம் வந்திருக்குங்க."

முத்தாத்தாள் கன்றை வாசலில் கட்டிவிட்டு உள்ளே வந்தாள். கௌலத் கொடுத்த படத்தை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இத எதுக்குக் கண்ணு காட்டறே? இத நெனச்சாலே எனக்கு ஆவறதில்ல. தாலி ஏர்ற நேரத்துல தெக்குப் பாத்துக் கும்புட்டுப்போட்டா. ரெண்டு மாசமா எனக்கு மனசே செரியில்ல. எதுக்குடீன்னு அன்னிக்குக் கேட்டதுக்கு அவ வாயத் தொறக்கல. பொறகு நானும் கேக்கல, அவளும் சொல்லல."

"அவங்க சொன்னாங்க பெரியம்மா" என்றாள் கௌலத். "ரொம்ப மெல்லச் சொன்னாங்க, உடனே மேளமும் அடிச்சதுல உங்களுக்குக் கேக்கலை."

முத்தாத்தாள் அவளை விழித்துப் பார்த்தாள். கௌலத் டேப்பை ஓட விட்டாள்.

தன் குரலைக் கேட்டதும் முத்தாத்தாள் திடுக்கிட்டுக் கருவியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். மருமகளின் குரல் வந்ததும் அசையாமல் நின்றுவிட்டாள்.

"இன்னொரு தடவ போடு."

கௌலத் போட்டாள்.

"இன்னுமொருக்கா."

மூன்றாவது தடவை முடிந்தபோது முத்தாத்தாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கணீர்க் குரல் எங்கேயோ போய்விட்டது.

"அப்பனத்தான் கும்புட்டாளா! இதத் தெரிஞ்சுக்காம ரெண்டு மாசமா அந்தப் புள்ளகிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தேனே. நான் ஒரு கிறுக்கி."

"ஞாயிற்றுக்கிழமை இதைப் போடலாமா பெரியம்மா? நீங்க வேண்டாம்னா போடலை."

முத்தாத்தாள் யோசித்தாள். "என்ற சத்தத்த மட்டும் அழிச்சுப்போட்டு, அவ சத்தத்த வெக்க முடியுமா?"

"முயற்சி பண்ணிப் பாக்கலாம். ஆனா கொஞ்சம் தவறினாலும் அவங்க சத்தமும் சேர்ந்து அழிஞ்சிடுங்க. ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு."

"அப்படீன்னா தொடாதே" என்றாள் முத்தாத்தாள் பதறிப்போய். "நான் வஞ்சதும் கேக்கட்டும், அவ சொன்னதும் கேக்கட்டும். நான் கேக்காட்டி அவ எதுக்குச் சொல்லீருக்கப் போறா?"

எழுந்து வெளியே போனவள் அடுத்த கணமே பழைய குரலில் கத்தினாள். ஸ்டுடியோ வாசலில் அலங்காரத்துக்குத் தொங்கவிட்டிருந்த காகித மாலையில் பாதியை எருமைக் கன்று தின்று முடித்திருந்தது.

அன்று மாலை முழுவதும் கௌலத்துக்கு வேலை. எந்தச் சத்தம் எந்தப் படத்துக்கு என்று டேப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தாள். டேப் ரெக்கார்டரின் ஓரத்தில் ஒரு சின்ன எண் ஓடும். அந்த எண்களைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். படத்தை மாற்ற வேண்டிய நேரத்தில் அவள் அத்தாவின் முதுகை விரலால் ஒரு முறை தொடுவாள். உடனே அத்தா அடுத்த படத்தைச் செருகுவார். பத்துத் தடவை ஒத்திகை பார்த்தார்கள். ஐந்தாவது தடவையிலிருந்து அத்தா கூச்சம் தாங்காமல் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா ஐசும்மா சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் ஒத்திகை முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோபாலபுரத்தில் செங்கோட்டையன் வீடு நிறைந்துவிட்டது. "டெலிவிஷன் வந்திருக்குதாம்" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். சாயங்காலப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் பட்டப்பகலிலேயே இருட்டை உண்டாக்க வேண்டியிருந்தது. ஜன்னல்களில் கோணிச் சாக்குகளைக் கட்டினார்கள். அப்போதும் கூரையில் இருந்த கண்ணாடி ஓடு வழியாக வெயில் பளீரென்று இறங்கியது. ஒருவர் ஏணி வைத்து ஏறி அதன் மேல் ஒரு முறத்தைக் கவிழ்த்து வைத்தார்.

செங்கோட்டையனின் கட்டிலை நகர்த்த முடியாது. அதனால் அவருக்கு எதிரே, கால்மாட்டுக்குச் சற்றுத் தள்ளிப் புது வேட்டியைக் கட்டினார்கள். கட்டிலுக்குப் பின்னால் நெல் மூட்டையின் மேல் புரொஜெக்டர். கட்டில் பக்கத்தில் தரையில் மயிலாத்தாளும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தார்கள். முத்தாத்தாள் சுவர் ஓரமாக உட்கார்ந்து, வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறக்காமல் இருந்தாள்.

விளக்கு எரிந்தது. நாதஸ்வரம் எழுந்தது. வேட்டியில் மாவிலைத் தோரணம் கட்டிய பந்தல் பச்சைப்பசேலென்று விரிந்தது. "ஆ!" என்று வீடே ஒரே குரலில் சொன்னது.

படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குறுக்கே யாருடைய தலையாவது முளைத்தால், "தலை, தலை! மறைக்குது!" என்று அத்தா கத்தினார். வடை கேட்ட குழந்தையின் சத்தம் வந்ததும் அதன் அம்மா வெட்கத்தில் சிரித்தாள். செங்கோட்டையன் ஒவ்வொருவராக அடையாளம் கேட்டார்.

"அது ஆருங்க, நம்ம மச்சானா? தலப்பா கட்டினா ஆளே தெரியலியே."

அடுத்து மாப்பிள்ளையின் கையில் தாலி வந்தது. மேளம் ஓய்ந்தது. கௌலத் டேப் ரெக்கார்டரில் ஓடிய எண்ணைப் பார்த்தாள். அத்தாவின் முதுகைத் தொட்டாள்.

வேட்டியில் மயிலாத்தாள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இதென்ன, பொண்ணு அந்தப் பக்கம் திரும்பீருக்குது?" என்று யாரோ கேட்டார்கள்.

கேட்டு முடிப்பதற்குள் முத்தாத்தாளின் அதட்டல் முழங்கியது. எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். முத்தாத்தாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "சிரிக்காதீங்க, அதுக்கு அடுத்ததக் கேளுங்க!" என்றாள்.

சிரிப்பு அடங்கியது. அந்த மெல்லிய குரல் இருட்டில் தெளிவாகக் கேட்டது.

"எங்கப்பா அந்தப் பக்கந்தானுங்க அத்தே படுத்திருக்காரு. அவரக் கும்புட்டுக்கறனுங்க."

கெட்டிமேளம் வீட்டை அதிர வைத்தது. மயிலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். முத்தாத்தாள் எழுந்து வந்து மருமகளின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

செங்கோட்டையன் படுத்தபடியே வலது கையைத் தூக்கினார். அது புரொஜெக்டரின் வெளிச்சத்துக்குள் போயிற்று. அந்தக் கையின் பெரிய நிழல் வேட்டியில் விழுந்து, மெல்ல நகர்ந்து, படத்தில் இருந்த மகளின் தலைமேல் வந்து நின்றது.

இந்தத் தடவை "மறைக்குது" என்று அத்தா கத்தவில்லை. அடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மாற்றலாமா என்பது போல கௌலத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"கொஞ்சம் பொறுங்க ராவுத்தரே" என்றார் செங்கோட்டையன். "நான் இன்னும் வாழ்த்தி முடிக்கலீங்க."